கேனை நிரப்பியவர்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் எங்கள் கல்லூரியும் கைகோத்து, கடலோர மீனவர்களின் சிறுநீரகத்தை ஆராயக் கிளம்பின. மேடையில் பேச்சு முழுக்க உலக நலம்; வீடு வீடாகக் கேன் சுமந்தவள் நான். ஒரு பகலும் ஓர் இரவும் போகிற மூத்திரம் முழுவதையும் அதில் பிடித்துத் தர வேண்டும். மீனவர் என்றால் கடலுக்குப் போகும் ஆண் மட்டும். அதே வீட்டில் அதே கருவாட்டைத் தின்று, வெயிலில் மீன் சுமந்து விற்கும் மனைவி சேர்த்தி இல்லை. ஏன் என்று கேட்டேன். "டிசைன் அப்படி" என்றார் எங்கள் பேராசிரியர். டிசைன் என்றால் அதற்குமேல் வாயைத் திறக்கக் கூடாது.

கடியப்பட்டணத்தில் ஒருவருடைய கேனில் புரதம் எக்கச்சக்கம்; சிறுநீரகம் கெட்டதற்கு அடையாளம். அவரை வரவழைத்து மறுபடி சோதித்தார்கள். மனிதர் கல்லுப்போல இருந்தார். நான்தான் பெயரை மாற்றி ஒட்டிவிட்டேன் என்று பேராசிரியருக்குச் சந்தேகம். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நேரே அந்த மீனவர் வீட்டுக்குப் போனேன். மீன்சட்டி கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவரு அண்ணைக்குக் கடல்ல கெடந்தாரு மக்கா. வெறுங்கேனோட போனா ஒனக்க சாரு ஒன்ன ஏசுவாருல்லா? நாந்தான் நெறச்சு வச்சேன்."

"யக்கா, அப்போ நோவு ஒங்களுக்காக்கும்."

"எனக்கா? காலு கொஞ்சம் வீங்கும். வேற ஒண்ணுமில்ல."

காலை விரலால் அமுக்கிப் பார்த்தேன். குழி அப்படியே நின்றது.

ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு வைத்தியம் இலவசம். இவருக்கும் தரலாமா என்று பேராசிரியர் வெளிநாட்டுக்கு மெயில் போட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள்; இங்கே பூசாரி இறங்கிவந்தார், சாமி அசையவில்லை. அவர் பங்கேற்பாளர் அல்ல, அந்த மாதிரியை நீக்கிவிடவும், அன்புடன் என்று பதில் வந்தது.

நான் லீவு போட்டு, வியாபாரம் போச்சே என்று வழியெல்லாம் புலம்பியவரை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மிஷினில்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். மாத்திரையோடு நின்றது.

போன மாதம் கட்டுரை வெளியானது. என் பெயர் இல்லை, போகட்டும். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ஒரு மாதிரி பிழையானதால் விலக்கப்பட்டது என்று இருந்தது. எங்கள் ஆய்வால் பிழைத்து இன்றும் மீன் விற்றுக்கொண்டிருப்பவர், எனக்குத் தெரிந்து, அந்த ஒருவர்தான்.