மூன்றாம் மாடிக்கு ஒரு டெலிபோன் ஒயர்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். மருத்துவமனைகள் அனுப்பும் பிறப்பு, இறப்புக் கணக்குகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. நான்கு வயதில் தாயானவள், பிரசவ வார்டில் படுத்திருந்த கிழவர், செத்த மறுநாள் தடுப்பூசி போட்டுக்கொண்டவர் என்று யார் வந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்ப முடியாது. கணக்குகள் எல்லாம் அலுவலகத்தின் யூனிக்ஸ் கணினியில் இருந்தன. அதோடு இணைத்த திரை ஒன்றின் முன்னால் உட்கார்ந்து நாளெல்லாம் தட்டிக்கொண்டிருப்பாள். நடுநடுவே தனியாகச் சிரிப்பாள். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து, "இன்னைக்கு யாரு மாட்டினா?" என்று எட்டிப் பார்ப்பார்கள்.

ஒருநாள் பிரேக் பிடிக்காத பஸ் ஒன்று நடைபாதையில் ஏறி அவள் இடுப்பை நொறுக்கியது. மாதக்கணக்கில் படுத்துவிட்டு, இரண்டு ஊன்றுகோல்களோடு வீடு திரும்பினாள். பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் தலையெழுத்து என்றார்கள்.

"பிரேக்கைப் பார்க்க வேண்டியவன் பார்க்கல. அத ஏன் என் தலையில எழுதறீங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு விசாரிக்க வருகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

அலுவலகம் மூன்றாம் மாடியில். லிஃப்டுக்கென்று இடம் விட்டுத்தான் கட்டியிருந்தார்கள். லிஃப்ட் வரவில்லை, கால் உடைந்த நாற்காலிகள் வந்து அந்த இடத்தை நிரப்பியிருந்தன. வேலைக்குத் திரும்பிய முதல் நாள் கடைநிலை ஊழியர்கள் இரண்டு பேர் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து, இனி யார் முன்பக்கம் பிடிப்பது என்று அவர்கள் வாதாடியதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நான் என்ன பீரோவா?" என்று கேட்டுவிட்டு மறுநாள் போகவில்லை.

நிர்வாக அதிகாரி போன் செய்தார். "மாடி ஏற முடியலன்னா எப்படிம்மா வேலை பார்ப்பீங்க?"

"மாடி ஏறுறதுக்குத்தான் சார் கால் வேணும். என் வேலைக்கு விரல் போதும்."

அதிகாரி கெட்டவர் இல்லை. கெட்டவர்கள் செய்கிற அநியாயத்தைவிட, தங்கள் கால் நன்றாக இருப்பதால் படிக்கட்டு என்று ஒன்று இருப்பதையே கவனிக்காத நல்லவர்கள் செய்கிற அநியாயம்தான் உலகத்தில் அதிகம்.

வழி சொன்னவர் ரூட். யூனிக்ஸ் கணினியில் எல்லாவற்றையும் மாற்றும் அதிகாரம் உள்ள பயனர் கணக்குக்கு ரூட் என்று பெயர். அதன் கடவுச்சொல் அவர் ஒருவரிடம் மட்டும் இருந்ததால் அந்தப் பெயரே அவருக்கும் நிலைத்துவிட்டது. ஓய்வுபெற இன்னும் சில வருடங்களே இருந்த மனிதர். தொந்தியும் வாய்த்துடுக்கும் உண்டு. வீட்டுக் கணினியிலிருந்து டெலிபோன் வழியாக அலுவலகக் கணினிக்குள் நுழையலாம், கணினியின் பேச்சை டெலிபோன் ஒலியாக மாற்றும் மோடம் என்ற பெட்டி இரண்டு பக்கமும் இருந்தால் போதும் என்று அதிகாரியிடம் போய் வாதாடினார். அதிகாரி ஒரு வாரம் கொடுத்தார். அதற்குள் அந்த மாதக் கணக்கை வீட்டிலிருந்தே முடித்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் உடல்நலக் காரணம் காட்டி வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள்.

ரூட் மோடத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார். வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். அப்பா தையல்காரர், டெலிபோன் இருந்த முன்னறையில்தான் அவர் மெஷினும் இருந்தது. அந்த இணைப்பிலிருந்தே ஒரு ஒயரைப் பிரித்துப் பின்னறையில் அவள் வைத்திருந்த கணினிக்கு இழுத்தார் ரூட்.

"என்னய்யா இது, டிபன் டப்பாவுக்குச் சிவப்பு விளக்கு வெச்ச மாதிரி?" என்றார் அப்பா.

மோடம் எண்ணைச் சுழற்றியது. கீச்சிட்டது, கரகரத்தது, ஊளையிட்டது. அப்பா காதைப் பொத்திக்கொண்டார். "யாரையோ கழுத்த நெரிக்கிறாங்கடா!"

"இல்லங்கய்யா, இங்க இருக்கிற மோடமும் அங்க இருக்கிற மோடமும் குசலம் விசாரிச்சுக்குதுங்க."

திரையில் முதலில் வந்ததெல்லாம் கோழி கிறுக்கிய மாதிரி இருந்தது. ஒரு எழுத்துக்கு எத்தனை பிட் என்பதில் இரண்டு கணினிகளும் ஒத்துப்போகவில்லை. ரூட் அதைத் திருத்தி மறுபடி சுழற்றினார். இந்த முறை யூனிக்ஸ் ஒழுங்காகப் பெயர் கேட்டது. பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்தாள். கட்டளைக்குத் தயார் என்று சொல்லும், பழகிய டாலர் குறி வந்து கண் சிமிட்டியது. மாதக்கணக்கில் பார்க்காத சிநேகிதியைப் பார்த்ததுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணைச் சுழற்றுவது, பெயர் கேட்கும்வரை காத்திருப்பது, பெயரைக் கொடுப்பது எல்லாவற்றையும் கணினியே செய்துகொள்ளும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்துவிட்டு ரூட் கிளம்பினார்.

மறுநாளே தகராறு. வேலை சூடு பிடிக்கும்போது இணைப்பு அறுந்தது. திருத்தி முடித்துச் சேமிக்காதிருந்த பக்கங்கள் எல்லாம் போயின. மறுபடி நுழைந்தாள், மறுபடி அறுந்தது. ரூட்டுக்குப் போன் போட்டாள்.

"உங்க பக்கத்து மோடம் சரியில்ல."

"என் மோடத்த ஏன் சொல்றீங்க? உங்க வீட்டு ஒயரப் பாருங்க."

ஒயரை மாற்றினார்கள். அலுவலக மோடத்தையும் மாற்றினார்கள். அறுவது நிற்கவில்லை. பாதி வாரம் போயிருந்தது, கால்வாசி வேலைகூட முடியவில்லை. "போன்ல வேலை பார்க்கறதெல்லாம் ஆகிற காரியமா?" என்று அதிகாரி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னதாக ரூட் வந்து சொன்னார்.

சல்லடை யோசித்தாள். அப்பா கடைக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு தடவைகூட இணைப்பு அறுந்ததில்லை. ஊன்றுகோல் சத்தம் கேட்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னறை வாசல்வரை வந்து நின்றாள். அப்பா காஜா எடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஊசியைச் சட்டையில் குத்திவைத்தார், எழுந்தார், டெலிபோனை எடுத்துக் காதில் வைத்தார். முகம் வெளிறிப்போய்ச் சட்டென்று கீழே வைத்தார். பின்னறையில் மோடத்தின் விளக்கு அணைந்தது.

"அப்பா, என்ன பண்றே?"

"ஒண்ணுமில்லம்மா. உயிர் இருக்கான்னு பார்த்தேன்."

"எதுக்கு?"

"போனுக்குத்தான். ரெண்டு நாளா எப்ப எடுத்தாலும் ஒரே இரைச்சல். கெட்டுப்போச்சு போல. நீ கவலைப்படுவியேன்னு சொல்லல."

"அந்த இரைச்சல்தாம்ப்பா என் வேலை! நீ எடுக்க எடுக்க அங்க அறுந்து அறுந்து போகுது!"

இன்னும் நன்றாகத் திட்ட வாயெடுத்தாள். அப்பா மெஷின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நீ அடிபட்ட அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்களாம். இது செத்துக் கிடந்துச்சு. நான் பாட்டுக்குப் பட்டன் தைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் யாரோ வந்து சொல்லித்தான் தெரிஞ்சுது."

"இப்பதான் நான் வீட்லயே இருக்கேனே."

"அது எனக்குத் தெரியும். கை கேக்கமாட்டேங்குதும்மா."

அவள் திட்டவில்லை. ரூட்டுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். ரூட் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, மோடத்துக்கு ஒரு கட்டளை சொல்லிக் கொடுத்தார். வழக்கமாக இணைப்பு கிடைத்ததும் மோடம் தன் ஒலிபெருக்கியை மூடிக்கொள்ளும். அந்தக் கட்டளைக்குப் பிறகு மூடாது. அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி மெல்ல இரைந்துகொண்டே இருக்கும்.

"இந்தச் சத்தம் கேட்கிறவரைக்கும் லைன் உயிரோட இருக்குப்பா. எடுத்துப் பார்க்க வேண்டியதில்ல."

அப்பா தைப்பார், ஒரு காது பின்னறையில் இருக்கும். சாப்பிடுவதற்காக அவளே இணைப்பைத் துண்டித்தாலும் "நின்னுபோச்சு! நின்னுபோச்சு!" என்று கத்துவார். இணைப்பு அதற்குப் பிறகு அறுபடவில்லை. கடைசி நாள் மதியத்துக்குள் மாதக் கணக்கு முழுவதும் முடிந்தது. பிறந்த குழந்தைகள் அத்தனைக்கும் ஒரே எடையை எழுதி அனுப்பியிருந்த மருத்துவமனை ஒன்றையும் பிடித்துவிட்டாள்.

அன்று மாலை திரை இரண்டாகப் பிரிந்தது. யூனிக்ஸில் இரண்டு பேர் எழுத்தில் பேசிக்கொள்ள ஒரு வசதி உண்டு. மேல்பாதியில் ரூட் அடித்தார்.

"ஆர்டர் ரெடி. கருணை அடிப்படையில் வீட்டிலிருந்து பணிபுரிய அனுமதிக்கிறேன்னு போட்டிருக்கார். சந்தோஷமா?"

"கருணை எதுக்கு? வேலையத்தான் முடிச்சுக் குடுத்துட்டேனே."

"ஒரு வார்த்தைதானே, விடுங்களேன்."

"ஒரு வார்த்தைதானே, எடுத்துடச் சொல்லுங்களேன்."

பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாக, ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்ததுபோல் வந்தன. ரூட்டின் இடத்தில் அதிகாரியே உட்கார்ந்துவிட்டார்.

"உங்க நல்லதுக்குத்தாம்மா போட்டேன்."

"கருணையில குடுத்தத நாளைக்குத் திருப்பி வாங்கிக்கலாம் சார். வேலைக்குக் குடுத்தத அப்படி வாங்க முடியாது."

அப்பா மெஷினை நிறுத்திவிட்டுப் பின்னறை வாசலில் வந்து நின்றார்.

மறுநாள் ரூட்டே ஆணையைக் கொண்டுவந்தார். "கருணை" அதில் இல்லை. எந்த அடிப்படையும் இல்லை. வீட்டிலிருந்து பணிபுரிய அனுமதிக்கப்படுகிறது என்று ஒற்றை வரிதான். அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள்.

"அனுமதிக்கப்படுகிறதுன்னா, யாரு அனுமதிக்கிறாங்க?"

"அத எழுத அதிகாரிக்குக் கூச்சமா இருந்திருக்கும்ப்பா" என்று சொல்லிவிட்டு, அவள் பின்னறைக்குப் போய் எண்ணைச் சுழற்றவிட்டாள்.