முன்பாதி மதார் சாகிப், பின்பாதி காத்தூன் பீவி

மதார் சாகிப்புக்கு ஹார்பரில் கிரேன் ஓட்டும் வேலை. அந்தரத்தில் தொங்கும் தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலின் வயிற்றிலிருந்து இரும்புப் பாளங்களைத் தூக்கிக் கரையில் வைப்பார். கடற்காற்றில் கூண்டு ஆடினாலும் கை நடுங்காது. அப்பேர்ப்பட்ட மனிதருக்குப் பேய் என்றால் பயம். ஆனால் பேய்க்கதை படிக்காமலும் இருக்க முடியாது.

வேலையில்லாத மதியங்களில் ராயபுரம் ஸ்டேஷனுக்குப் போய், மீன்கூடைக்காரிகளுக்கு நடுவே இடம் பிடித்து உட்கார்ந்துதான் புத்தகத்தைப் பிரிப்பார். அந்த இரைச்சலில் எதுவும் கிட்டே வராது என்று ஒரு தைரியம். அப்படியும் சில புத்தகங்களைப் பாதியில் மூடிவிடுவார். மிச்சத்தை அவர் மனைவி காத்தூன் பீவி, சோறு வேகிற நேரத்தில் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து படித்து முடித்து, "ஒண்ணும் ஆவல, எல்லாரும் நல்லாத்தான் கீறாங்க" என்று சொல்லுவாள். அதன் பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

தண்டையார்பேட்டையில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்த மாசானம், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கடை லாபத்தில் ஒரு மாதப் பத்திரிகை நடத்திவந்தார். கருப்பட்டி வாங்க வந்த மதார் சாகிப் ஒரு நாவலைப் பற்றிப் பேசிக்கொண்டே நின்றதைக் கேட்டவர், "பாய், இப்ப சொன்னத அப்படியே எழுதித் தாங்க. நான் போடுதேன்" என்றார்.

முதல் மதிப்புரை நாலு வரிதான். "கிணற்றடிக் கட்டம் வந்ததும் இந்தப் புத்தகத்தை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டேன். மூன்று நாள் எடுக்கவில்லை. நல்ல கதை." அந்த மாதம் வாடகை நூலகத்தில் அந்தப் புத்தகத்துக்கு அடிதடி. அதன் பிறகு மாதம் ஒன்று எழுதினார். பயந்தால் பயந்தேன் என்றும், தூக்கம் வந்தால் தூங்கினேன் என்றும் எழுதினார்.

ஒருமுறை வேதமாணிக்கம் என்பவரின் பேய் நாவல் வந்தது. "முதல் பாதியில் எனக்கு வேர்த்து ஊற்றியது. கடைசியில் பார்த்தால் அந்தப் பேய், வெள்ளைத்துணி போர்த்திக்கொண்ட கொழுந்தன். பயந்ததெல்லாம் வீண்" என்று எழுதினார் மதார் சாகிப்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேதமாணிக்கமே கருப்பட்டிக் கடைக்கு வந்துவிட்டார். எண்ணூரில் குமாஸ்தா, ஒல்லியான மனிதர், முகத்தில் கோபம். மதார் சாகிப்பும் அங்கேதான் இருந்தார்.

"முழுசாப் படிச்சுட்டுத்தான் எழுதினீங்களா?"

மதார் சாகிப்புக்குப் பொய் வரவில்லை. "இல்ல சார். பாதிக்கு மேல நம்மால முடில. மிச்சத்த எங்க வூட்லதான் படிச்சுச் சொன்னாங்க."

மாசானம் தராசை அப்படியே விட்டுவிட்டார். "இத்தன மாசமாவா பாய்?"

"ஆமா அண்ணாச்சி. நீங்க கேக்கவே இல்லியே."

"அப்படின்னா நான் அவங்ககிட்டதான் பேசணும்" என்றார் வேதமாணிக்கம்.

மூவரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். காத்தூன் பீவி உள்கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள். முதலில் டீ வந்தது. பிறகு குரல் வந்தது.

"மொதப் பாதி ரொம்ப நல்லா கீதுங்க. கதவு தானா சாத்திக்கிற எடத்துல எனக்கே ஒடம்பு சிலுத்துப்போச்சு. ஆனா அந்தக் கொழுந்தனுக்குப் பத்து வருசம் சோறு போட்டவ, அவன் நடந்து வர்ற சத்தம் தெரியாமயா பயப்படுவா? இவரு தெருமுனையில வந்தாலே எனக்குத் தெரியுமே."

வேதமாணிக்கம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "நான் எழுதினப்போ அது நெஜப் பேய்தாம்மா. பதிப்பாளர்தான் மாத்தச் சொன்னார்."

"அப்டியே வுட்டிருக்கலாமே."

இரண்டாம் பதிப்பில் அவர் பேயைப் பேயாகவே விட்டார்.

மாசானம் அடுத்த இதழிலிருந்து இரண்டு பேர் பெயரையும் போட்டார். 'முன்பாதி: மதார் சாகிப். பின்பாதி: காத்தூன் பீவி.' பெயர் அச்சில் வந்தால் சொந்தக்காரர்கள் ஏதாவது சொல்வார்களோ என்று மதார் சாகிப் தயங்கினார். காத்தூன் பீவியோ, "பீவின்றத வுட்டுடாம முழுசாப் போடச் சொல்லுங்க" என்றாள்.

பழைய பெரிய நாவல்களையும் மாசானம் கொடுக்க ஆரம்பித்தார். அவற்றைப் படிக்கும்போது வீட்டில் கதை தலைகீழ். குழந்தைக்குக் காய்ச்சல் என்று வந்தாலே காத்தூன் பீவி புத்தகத்தை மூடிக் கணவன் கையில் கொடுத்துவிடுவாள். "பொழைக்குதான்னு பாத்துச் சொல்லுங்க." அவர் சாப்பாட்டு இடைவேளையில் கிரேன் கூண்டிலேயே உட்கார்ந்து படித்துவிட்டு, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பொழச்சுக்கிச்சு" என்பார்.

ஒரு நாவலில் குழந்தை பிழைக்கவில்லை. மனசு கேட்காமல் அதற்கும் அதையே சொல்லிவிட்டார். அவள் நம்பிப் படித்தாள். அந்த மாதப் பின்பாதி இப்படி அச்சானது: "குழந்தை பிழைத்துவிட்டதாக என் வீட்டுக்காரர் பொய் சொன்னார். அழுதழுது தலைவலி வந்துவிட்டது. எல்லாரும் படிக்க வேண்டிய நாவல்."

மதார் சாகிப் அந்த இதழில் பத்துப் பிரதி வாங்கிக்கொண்டு போய் ஹார்பரில் எல்லோருக்கும் கொடுத்தார். "நம்ம வூட்ல எழுதினது. நம்மளத்தான் திட்டிக்கீறாங்க, படிச்சுப் பாருங்க."