சாரல் விழுந்துவிட்டது

நான் தென்காசிக்காரி என்று சொன்னதும் கேட்பவர்களின் முகம் மலர்ந்துவிடும். "குற்றாலத்துக்குப் பக்கமா? கொடுத்து வைத்தவர்கள். எப்போதும் சாரலும் காற்றுமாக இருக்குமே" என்பார்கள். நான் மறுப்பதில்லை. வருஷத்தில் மூன்று மாதம் அப்படித்தான் இருக்கும். அதற்கு முந்திய இரண்டு மாதம் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டவள் ஒரே ஒருத்திதான். அவளுக்கு நான் எழுதிய பதிலை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குத் தலை நிமிர்வதில்லை.

அவள் என் சித்தி. அம்மாவுக்கு உடன்பிறந்தவள் அவள் மட்டும்தான். கல்யாணமாகிக் குன்னூருக்குப் போய்விட்டாள். சித்தப்பாவுக்கு அங்கே ஒரு தேயிலைக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்த சில மாதங்களிலேயே இறந்துவிட்டன. மூன்றாவதாகப் பிறந்த பையனுக்கு அப்போது எட்டு மாதம். அம்மா அவனைப் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பா ஆரியங்காவில் மர டிப்போவில் இருந்தார். சனிக்கிழமை வண்டியில் வந்து திங்கட்கிழமை வண்டியில் போய்விடுவார். அவரிடம் கார்டைக் கொடுத்தால் "இவ்விடம் அனைவரும் நலம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார் என்பது அம்மாவின் குறை. ஆகவே ஐந்தாம் வகுப்பு படித்த நான்தான் அக்காள் தங்கைக்கு நடுவில் எழுத்தாக இருந்தேன். சித்தியிடமிருந்து வருவதை வாசித்துக் காட்டுவேன், அம்மா சொல்வதை எழுதுவேன். எழுதி முடித்ததும் "படி, கேப்போம்" என்பாள் அம்மா. படிப்பேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்பாள்.

அந்தச் சித்திரை மாதம் சித்தியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. பிள்ளையைக் கொண்டுவந்து அக்காளிடம் காட்ட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது, இப்போது அங்கே வெக்கை எப்படி, இவன் குளிரிலேயே பிறந்தவன், தாங்குவானா என்று கேட்டு எழுதியிருந்தாள்.

அடுப்பங்கரையில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி அம்மா பதில் சொன்னாள்.

"இப்பம் வராதன்னு எழுது. காத்து ஒரு பொட்டு இல்ல. இருந்த எடத்துலயே வேத்து ஊத்துது. பச்சப்பிள்ளைக்கு ஆவாது. ஆனி பொறந்து சாரல் விழுந்த பெறவு வரட்டும்."

ஆனியில் எனக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும். சித்தி வந்தால் குன்னூரிலிருந்து கூடை நிறைய பிளம்ஸ் பழம் வரும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நாலு வீட்டுக்குப் போகலாம். அம்மா சொன்னதை நான் மாற்றி எழுதியதற்கு இதெல்லாம் காரணம். இன்னொன்றும் உண்டு. சித்தி ஒவ்வொரு கார்டிலும் குன்னூரின் பனியையும் கம்பளியையும் பற்றி எழுதுவாள். எங்கள் ஊர் ஒன்றும் குறைந்ததில்லை என்று காட்ட எனக்கு ஓர் ஆசை.

வெக்கை என்றால் என்ன என்பது எனக்கு உண்மையிலேயே தெரியவும் இல்லை. அந்த இரண்டு மாதமும் எனக்குக் கொண்டாட்டம். கிணற்றடியில் இரண்டு வேளைக் குளியல். நுங்கும் பதநீரும் வாசலுக்கு வரும். மத்தியானம் பட்டாசல் என்கிற முன்கூடத்தில் தண்ணீர் தெளித்துத் துடைத்த தரையில் கன்னத்தைப் பதித்துப் படுத்தால், பக்கத்தில் அம்மா உட்கார்ந்து பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே இருப்பாள். நான் தூங்கி எழுந்திருக்கும்போதும் விசிறிக்கொண்டுதான் இருப்பாள். வேர்ப்பது மூச்சு விடுவதைப் போல இயல்பானது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதை ஒரு கஷ்டம் என்று பெரியவர்கள் சொல்வது எனக்கு விளங்கியதே இல்லை.

நான் கார்டில் எழுதியது இது: "இந்த வருஷம் இங்கே முன்னாலேயே சாரல் விழுந்துவிட்டது. காற்று ஜிலுஜிலுவென்று வீசுகிறது. ராத்திரி போர்வை வேண்டியிருக்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உடனே புறப்பட்டு வரவும்."

"படி, கேப்போம்" என்றாள் அம்மா.

நான் கார்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அம்மா சொன்னதை ஒரு சொல் பிசகாமல், எழுத்துக் கூட்டிப் படிப்பவள்போல் அங்கங்கே நிறுத்தி, "இப்போது வராதே, காற்றில்லை" என்று வாசித்துக் காட்டினேன். அம்மா தலையை ஆட்டினாள். அந்தக் கார்டை நானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலை வேளையில் வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. சித்தி இறங்கினாள். அவள் தோளில், தொப்பியும் கம்பளிச் சட்டையும் காலுறையும் போட்ட ஒரு குழந்தை. முகம் செக்கச் செவேல் என்று கன்றிப்போயிருந்தது. உடன் வந்த சித்தப்பாவின் தம்பி, அவர்களை விட்டுவிட்டு மறு வண்டிக்கே திரும்பிவிட்டார்.

அம்மா அப்படியே நின்றுவிட்டாள். "என்னட்டி இது, இந்த வெக்கையில?" என்றாள்.

"நீதானக்கா வரச் சொன்ன. சாரல் விழுந்துட்டுன்னு கார்டு போட்டியே" என்றாள் சித்தி.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூடையைப் பார்த்தேன். அதில் பிளம்ஸ் பழம் இருந்தது.

"நாலு தூத்தல் விழுந்துது. நின்னுட்டு. உள்ள வா மொதல்ல" என்று சொல்லிக் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள் அம்மா.

அன்று முழுவதும் அடிக்காகக் காத்திருந்தேன். அடி விழவில்லை. அம்மா என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்து, நாலு பழத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

இரண்டாம் நாள் குழந்தையின் கழுத்தில் வேர்க்குரு பொரிந்தது. மூன்றாம் நாள் முதுகெல்லாம் படர்ந்தது. அம்மா நுங்குத் தண்ணீர் தடவினாள், சந்தனம் பூசினாள். ஐந்தாம் நாள் குருவெல்லாம் கொப்புளமாகிக் காய்ச்சல் வந்தது. அவன் பால் குடிக்க மறுத்தான். முதலில் வீறிட்டு அழுதவன், பிறகு முனகினான், பிறகு முனகவும் இல்லாமல் வாயைத் திறந்தபடி கிடந்தான். சித்தி அவன் மூக்கின் அருகே விரலை வைத்து வைத்துப் பார்த்தாள்.

அம்மா தொட்டிலருகே உட்கார்ந்து விசிறினாள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை விசிறினாள். வலது கை ஓய்ந்தால் இடது கை. நான் வழக்கம்போல் தரையில் போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. தலைமுடிக்குள் வேர்வை ஊர்ந்தது. பாவாடை தொடையோடு ஒட்டிக்கொண்டது. ஈரமாகத் துடைத்த தரை சற்று நேரத்தில் வெதுவெதுவென்றாகிவிட்டது. எழுந்து உட்கார்ந்தேன், மறுபடி படுத்தேன். காற்று ஒரு கனத்த துணியைப் போல மேலே கிடந்தது. பத்து வருஷம் அந்த ஊரில் வாழ்ந்திருந்தும் அன்றைக்குத்தான் நான் அந்த வெக்கையை முதன்முதலில் சந்தித்தேன். அம்மாவின் முதுகைப் பார்த்தேன். ரவிக்கை முழுவதும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அது எப்போதுமே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் சித்தி, "அருவிக்கரைக்காவது கூட்டிட்டுப் போக்கா. அங்கன கொஞ்சம் காத்து இருக்கும்லா. இங்கன வச்சிருந்தா எம்புள்ள செத்துப்போவான்" என்றாள். அம்மா பக்கத்து வீட்டு வில்வண்டியைக் கேட்டு வாங்கினாள். நானும் ஏறிக்கொண்டேன். என்னை யாரும் கூப்பிடவுமில்லை, இறங்கச் சொல்லவுமில்லை.

குற்றாலத்தில் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. அருவி இருக்கவேண்டிய இடத்தில் கறுத்த பாறை நின்றது. அதன் நடுவே ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மரத்தில் ஓர் இலை அசையவில்லை. மலையடிவாரமே மூடி போட்டுவைத்த பானை மாதிரி புழுங்கியது. சித்தி அந்த ஒழுகலில் முந்தானையை நனைத்துக் குழந்தையின் தலையில் பிழிந்தாள்.

குரங்குகளை விரட்டிக்கொண்டு வாழைப்பழக் கூடையுடன் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். குழந்தையைப் பார்த்து, "பச்சப்பிள்ளயத் தூக்கிட்டு இந்த வேக்காட்டுல ஏம்மா வந்திய?" என்று கேட்டாள்.

"சாரல் விழுந்து நின்னுட்டாமே ஆச்சி" என்றாள் சித்தி.

"சாரலா? போன ஐப்பசிக்குப் பெறவு ஒரு சொட்டு விழலயே தாயி. இனி வைகாசி கழியணும்லா."

சித்தி மெதுவாகத் திரும்பினாள். அம்மா இரண்டு எட்டு தள்ளி நின்றாள். நான் அவள் பின்னால் நின்றேன்.

"எதுக்குக்கா பொய் எழுதின?"

அம்மா புறங்கையால் நெற்றி வேர்வையை வழித்தாள்.

"ரெண்டு பிள்ளயக் குழில வச்சவ நான். அது ஒனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் எதுக்கு எழுதின?"

நான் சொல்லியிருக்க வேண்டும். 'அம்மா இல்லை, நான்தான்' என்பதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தேன். அதை இன்னும் கொஞ்சம் இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"ஒன்னயப் பாக்கணும்போல இருந்துது" என்றாள் அம்மா. "நாலு வருசமாச்சுல்லா. அதான் அப்படி எழுதச் சொன்னேன்."

சித்தி அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை. எனக்கோ, வெட்கத்தைவிட நிம்மதிதான் முதலில் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. நம் அம்மா எவ்வளவு சாமர்த்தியமாகப் பொய் சொல்கிறாள் என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை அப்பா வந்து வைத்தியரைக் கூட்டிவந்தார், சித்தப்பாவுக்குத் தந்தி கொடுத்தார். சித்தப்பா வருவதற்குள், வைத்தியரின் மருந்திலோ தன் ஆயுசின் கெட்டியிலோ குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. அவன் பிழைத்தான், இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டான். சித்தி புறப்படும்போது எனக்குத் திருநீறு பூசி, நன்றாகப் படி என்றாள். அம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமல் வண்டி ஏறினாள்.

அடுத்த மாதம் சாரல் தொடங்கியது. நான் பள்ளிக்கூடத்துக்கு நனைந்துகொண்டே போய் நனைந்துகொண்டே வந்தேன். அம்மா மூன்று கார்டு எழுதச் சொன்னாள். சொன்னதை அப்படியே எழுதினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. மலைமேல் மழை அதிகம், தபால் தாமதமாகும் என்று அவளுக்குச் சமாதானம் சொன்னேன். ஆமாம் என்று கேட்டுக்கொண்டாள். நாலாவது கார்டு எழுதச் சொல்லவில்லை.

கல்யாணங்களிலும் சாவுகளிலும் அவர்கள் பிறகு பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வார்த்தை பேசுவார்கள். அம்மா என்னைப் பற்றி அவளிடம் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

அம்மா இறந்த பதினாறாம் நாள், சித்தி குன்னூருக்குக் கிளம்புமுன் அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கார்டில் அம்மா எழுதச் சொன்னது இது, நான் எழுதியது இது, வாசித்துக் காட்டியது இது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை.

இதைத்தான் கேட்டாள்: "அப்பம், என்னயப் பாக்கணும்போல இருந்துதுன்னு சொன்னாளே, அதுவும் பொய்தானாட்டி?"

அருவிக்கரையில் பத்து வயதில் நின்ற எனக்கு, அம்மா சொன்னது முழுவதும் என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்றுதான் பட்டது. அதில் ஒரு வரி மெய்யாக இருக்கலாம் என்று, சித்தி கேட்கும்வரை எனக்குத் தோன்றவே இல்லை.