சந்தனப் பொட்டு வைத்த ஃபிளாப்பி

ஃபிளாப்பிக்கு ஒரு வாசனை உண்டு. மழையில் நனைந்து சரியாகக் காயாத குடைத்துணி மாதிரி. போன வாரம் பழைய டப்பாவைத் திறந்தபோது அதோடு சந்தனமும் மணந்தது. இத்தனை வருடம் கழித்தா மணக்கும்? என் மூக்கையே நான் நம்புகிறவனில்லை. ஆனால் லேபிளில் பொட்டு இருந்தது.

அந்தக் கால ஃபிளாப்பிகளில் இருப்பதை அச்சு அசலாக ஒரே ஃபைலாக, இமேஜாக எடுத்து, இன்றைய கம்ப்யூட்டருக்குள் அன்றைய கம்ப்யூட்டரை ஓடவைப்பது என் பைத்தியம். பொட்டு வைத்த இந்த ஃபிளாப்பியில் இருப்பது புடவைக் கரை வரைகிற புரோகிராம். காஞ்சிபுரத்தில் ஒரு டிசைன் கடையில், டிவியோடு இணைத்த சின்னக் கம்ப்யூட்டரில், நானும் தேவாவும் இதை வைத்துத்தான் பிழைத்தோம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் டிரைவ் கிழவனைப்போல ஒருதரம் இருமும். காப்பி எடுத்துப் போட்டால் இருமாது, ஓடவும் ஓடாது. 'ஒரிஜினலைப் போடு' என்று அதட்டும்.

ஒரு நாள் ஒரிஜினலையே அதட்டியது.

"லேபிள உரிச்சி காப்பி மேல ஒட்டிட்ட. ஒரிஜினல எந்தக் கடைக்குக் குடுத்த?" என்றேன்.

தேவா சிரித்தான். "நீ கண்ணாடில உன்னப் பாத்தாலே யாருடா நீன்னு கேப்ப மச்சான். உரிச்சா பேப்பர் கிழியாதா? நல்லா பாருபா."

பார்க்கவில்லை. முதலாளியிடம் சொன்னேன். அன்றோடு தேவாவுக்கு வேலை போயிற்று.

இப்போது எடுத்த இமேஜும் ஓடவில்லை. கேபிளைச் சந்தேகப்பட்டேன், டிரைவைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் ஃபிளாப்பியில் வட்டவட்டமாக எழுதியிருக்கும் தடங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் கம்பெனி எழுத்து. ஒரே ஒரு தடம் மட்டும் எங்கள் டிரைவின் கோணல் எழுத்து. காப்பியென்றால் எல்லாத் தடமும் கோணலாக இருந்திருக்கும். ஆக, இதுதான் ஒரிஜினல். அந்த ஒரு தடத்தைக் கம்பெனி வேண்டுமென்றே பழுதாக விட்டிருந்தது. காப்பி எடுத்தால் அந்தப் பழுது கூட வராது; பழுது இருந்தால்தான் ஒரிஜினல் என்று புரோகிராம் நம்பும். இருமல் அங்கிருந்துதான் வந்தது.

அதைச் சரிசெய்தது யார்? சந்தனம் காட்டிக்கொடுத்தது. ஆயுத பூஜைக்காகக் கீபோர்டைத் துடைத்து, டிவிக்கும் ஃபிளாப்பிக்கும் பொட்டு வைத்து, சாமி முன்னால் இருமுகிற சாமான் எதற்கு என்று ரிப்பேர் புரோகிராமைப் போட்டு அந்தத் தடத்தைச் சுத்தம் செய்தவன் நான். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவனுக்குத் தன் பக்தியைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

இமேஜில் பழுதைத் திரும்ப வைத்தேன். ஒருதரம் இருமிவிட்டுத் திறந்துகொண்டது.

முசரவாக்கத்தில் இருக்கும் தேவாவுக்குப் போன் போட்டேன். "ஒரிஜினல் எங்கியும் போலடா. எங்கிட்டதான் இருக்குது. நான்தான் கெடுத்துட்டேன்."

அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்த கோழியை விரட்டினான். பிறகு, "நான் எடுக்கலன்னு எனக்கு அப்பவே தெரியுமே, சார்," என்றான்.

டிசைன் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். அந்த டிவி பேரீச்சம்பழத்துக்குப் போயிற்று. புரோகிராம் பிழைத்துவிட்டது. என்னை மச்சான் என்று கூப்பிடத்தான் இந்த ஊரில் ஒருவனும் இல்லை.