அண்ணியின் இரண்டாவது இரத்தப் பரிசோதனை

அண்ணன் அண்ணியின் அடிவயிற்றில் உதைத்த சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. மாவு மூட்டையைத் தரையில் போட்டது மாதிரி ஒரு சத்தம். ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் அவரவர் காம்பராவுக்குள்தான் இருந்தார்கள். ஒருவரும் வெளியே வரவில்லை. முடியைப் பிடித்து வாசல் வரைக்கும் இழுத்து வந்து, "யாருனு சொல்லுடி" என்று மறுபடியும் உதைத்தான். கூடப்பிறந்தவன்தான், ஆனாலும் இதை எழுதும்போது மரியாதை போட எனக்கு மனம் வரவில்லை. குறுக்கே விழுந்ததில் என் உதடும் கிழிந்தது. எனக்கு அது வேண்டியதுதான். நெருப்பை வைத்தவளே நான்.

அண்ணி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். மூன்றாவது பிள்ளை பிறந்ததும் மற்றப் பெண்களோடு தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போய்க் கருத்தடை ஒப்பரேசன் செய்துவிட்டார்கள். "ஒப்பரேசன் செஞ்சவளுக்குப் புள்ள தங்காது" என்பது எங்கள் லயத்தில் வேதவாக்கு. அண்ணன் மாணிக்கக் குழியில் வேலை செய்து வாரக் கடைசியில் மட்டும் வீட்டுக்கு வருவான். நான் இரத்தினபுரி டவுனில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்தேன்.

நாள் தள்ளிப்போய், கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் படுகிறது, ஒரு பக்கம் வலிக்கிறது என்று சனிக்கிழமை அண்ணி என்னைத் தேடி வந்தார். சிறுநீரைப் பரிசோதித்தேன். கர்ப்பம். அவரைக் கூட்டிப் போக வந்த அண்ணனிடம், வாய் சும்மா இருக்காமல், அதைச் சொல்லிவிட்டேன். "ஒப்பரேசன் பண்ணுனவளுக்கா?" என்று என் முகத்தையே பார்த்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று அண்ணியும் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கும் சந்தேகம்தான்.

உதை வாங்கிய அன்று பின்னேரமே அண்ணியை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வயிறெல்லாம் கன்றிப்போய் நீலம். டொக்டர் கேட்டதற்கு, படியில் விழுந்துவிட்டதாகச் சிங்களத்தில் சொல்லிப் புருஷனைக் காப்பாற்றினார் அண்ணி. நான் டொக்டரைத் தனியாகப் பிடித்து உதைத்ததையும், ஒப்பரேசனையும், கர்ப்பத்தையும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. ஸ்கேனில் கருப்பை வெறுமையாக இருந்தது. இரத்தம் எடுத்து எங்கள் நிலையம் வழியாகக் கொழும்புக்கு அனுப்பினார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் எடுத்தார். ஒழுங்காக வளரும் கருவென்றால் இரத்தத்தில் கர்ப்பச் சுரப்பு இரண்டு மூன்று நாளில் ஏறக்குறைய இரட்டிப்பாகும், கருப்பைக்கு வராமல் கருக்குழாயில் சிக்கியது பெரும்பாலும் நொண்டி நொண்டித்தான் ஏறும் என்றார். இன்று அதை எங்கள் நிலையத்திலேயே அரை நாளில் பார்த்துவிடுகிறோம். அன்று காத்துக் கிடந்தோம். அண்ணன் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நின்று, "செத்தாலும் பரவாயில்ல, பேரச் சொல்லிட்டுச் சாகட்டும்" என்று கத்திக்கொண்டிருந்தான். கல்லைத் தூக்கி அவன் தலையில் போடலாம் போல இருந்தது எனக்கு.

இரண்டாவது முடிவு எங்கள் நிலையத்துக்குப் போனில் வந்தது. அளவு கொஞ்சம்தான் ஏறியிருந்தது. எழுதிக்கொண்டு ஆஸ்பத்திரி வாட்டுக்கு ஓடினேன். அண்ணி வெளிறி, வியர்த்து, கண் சொருகிக் கிடந்தார். அப்படியே ஒப்பரேசன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். வயிற்றைத் திறந்தபோது குழாய் வெடித்து உள்ளே இரத்தம் குளம் கட்டி நின்றதாம். பிழைத்தது மறுபிறப்புதான்.

மறுநாள் டொக்டர் அண்ணனைக் கூப்பிட்டார். ஒப்பரேசனில் கட்டிய குழாய் சில பெண்களுக்கு மயிரிழை அளவு திறந்துகொள்ளும், அப்படி உண்டாகும் கரு குழாயிலேயே மாட்டிக்கொள்வது அதிகம், இதில் வேறு யாரையும் தேட வேண்டியதில்லை என்றார். அண்ணன் மடார் மடாரென்று சுவரில் தலையை மோதினான். நெற்றி கிழிந்து இரத்தம் வடிய, அண்ணியின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு குழறி அழுதான்.

அண்ணி அவன் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ஒங்கண்ணன் வெறி புடிச்ச மனுசன். நீ படிச்ச புள்ள. நீயும் ஏன் என்னய நம்பல?"