தொட்டியில் எழுதிய தேதி

எங்கள் ஊர் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனால், நம் காதில் செய்தி ஊற்றாமல் அனுப்ப மாட்டார்கள். ஸ்ரீமுஷ்ணம் போகிற டவுன் பஸ் இன்று வராது, ரேஷனில் பாமாயில் வந்துவிட்டது, கீழத்தெருவில் கன்றுக்குட்டியைக் காணோம், எல்லாம் வரும். மைக்கில் செய்தி படிக்கிறவள் தையல்கடை இளமதி. ஸ்பீக்கரும் மைக்கும் சவுண்ட் சர்வீஸ் சிங்காரம் சும்மா கொடுத்தது. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

இந்தச் செய்திக்கு ஒரு சட்டம் உண்டு. யாரைப் பற்றிச் செய்தி வந்தாலும், மறுநாள் அவர் அதே மைக்கில் வந்து பதில் சொல்லலாம். யாரும் குறுக்கே பேசக்கூடாது.

ஊர்க் குடிநீர்த் தொட்டியில் ‘சுத்தம் செய்த நாள்’ என்று பெயிண்டில் எழுதியிருக்கும். இந்த மாதமும் தேதி பளிச்சென்று புதிதாகிவிட்டது. குடத்தில்தான் புழு நெளிந்தது. தொட்டிக்குள் யாரும் இறங்கியதைப் பார்க்கவில்லை, ஆனால் பிரஷ்ஷோடு நின்றவரை ஊரே பார்த்தது. டேங்க் ஆப்பரேட்டர் உத்திராபதி. இளமதியின் புருஷன்.

இதை மட்டும் படிக்க மாட்டாள் என்று பால் வரிசையில் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். அவர்கள் வீட்டில் மாதம் தவறாமல் வருகிற வருமானம் அவர் வேலை ஒன்றுதான். அவளோ தொண்டையைக் கூடச் செருமவில்லை.

“டேங்க் கழுவல. தேதி மட்டும் மாத்தியிருக்கு. எழுதுனவரு எங்க வீட்டுக்காரரு உத்திராபதி. எழுதச் சொன்னவரு ஊராட்சித் தலைவரு. படிச்சது இளமதி.”



மதியம் பேன்ட் சுருக்கக் கொடுக்க அவள் கடைக்குப் போயிருந்தேன். தலைவரின் மச்சான் பழனிவேல் வந்து நின்றான்.

“தங்கச்சி, தப்பு நடந்துபோச்சுன்னு நாளைக்கி ஒரு வார்த்த படிச்சிடு. இல்லன்னா உன் வீட்டுக்காரர வேற வேல பாத்துக்கச் சொல்லு.”

அவள் மிஷினை நிறுத்தவில்லை. “தலைவரு வந்து பேசட்டும்ண்ணே. மைக்கு அவருக்கும் உண்டு. நான் படிச்சத நான் முழுங்க மாட்டேன்.”

மறுநாள் தலைவர் வரவில்லை. உத்திராபதி வந்தார். முந்தின நாள் முழுக்க அவர் பெண்டாட்டியோடு பேசவே இல்லை என்று அடுத்த வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். பேரைச் சொல்லிப் படித்தாயிற்று, சட்டப்படி மைக்கைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இளமதி கொடுத்தாள்.

“நான் உத்திராபதி பேசுறேன். நேத்து எம் பொண்டாட்டி படிச்சதுல ஒரு தப்பு இருக்கு.”

பால் கேனோடு நின்ற பழனிவேல் எல்லாரையும் பார்த்துச் சிரித்தான்.

“இந்த வாட்டி மட்டுந்தான் கழுவலங்கிற மாதிரி படிச்சிட்டா. போன வாட்டியும் கழுவல, அதுக்கு முன்ன வாட்டியும் கழுவல. எல்லாம் தலைவரு சொல்லி நான் எழுதுன தேதிதான். வேல போனா போவுது. இப்ப நான் கழுவத்தான் ஏறப் போறேன். வர்றவங்க வாங்க.”

பழனிவேல் கேனை மூடினான். நாலைந்து பேர் உத்திராபதியின் பின்னால் நடந்தார்கள். இளமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தாள். பழனிவேலைப் பார்த்துக்கொண்டே, அவன் கேட்டதை அப்படியே படித்தாள்.

“நேற்றைய செய்தியில் நேர்ந்த தவறுக்கு வருந்துகிறோம்.”