மோப்பம் தவறவிட்ட வீடு

என் தங்கையைக் கட்டியவருக்கு நாங்கள் வைத்த பெயர் மோப்பம். முகத்துக்கு நேராக மாப்பிள்ளை என்பேன். என் இரும்புப் பட்டறையில் மட்டும் மோப்பம் வந்தாரா, போனாரா என்றுதான் பேச்சு. அவருக்கும் தெரியும், கோபப்பட மாட்டார். உள்ளுக்குள் பெருமைதான்.

தொழில் அப்படி. பழைய வீடுகளை வாங்கி, பூசி, பெயிண்ட் அடித்து விற்கிற ஒரு முதலாளியிடம் வேலை. வீட்டை விற்கக்கூடிய ஆளைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். விற்பனைக்கு என்று பலகை மாட்டிவிட்டால் ஊரில் உள்ள புரோக்கர் எல்லாம் வந்துவிடுவான். பலகை மாட்டுவதற்கு முன்னால், விற்றுத் தொலைக்கலாமா என்று வீட்டுக்காரர் மனதுக்குள் நினைக்கும்போதே இவர் வாசலில் நிற்க வேண்டும்.

அதற்காகத் தெருத் தெருவாக நடப்பார். செடி காய்ந்திருக்கிறதா, கேட்டு தரையில் இழுபடுகிறதா என்று பார்ப்பார். மாடி பல்பு பகலில் எரிந்தால் அங்கேயே நின்றுவிடுவார்.

"பல்பை அணைக்க மனசு வரலைன்னா, அந்த வீடு கைவிட்டுப் போச்சுன்னு அர்த்தம் மச்சான்."

பார்ட்டியிலும் இரண்டு வகை வைத்திருந்தார். கதவைத் திறந்ததும் "என்ன விலை போகும்?" என்று கேட்டால் வெட்டிப் பார்ட்டி. காபி கொடுத்து, தாத்தா அஸ்திவாரம் தோண்டிய கதையிலிருந்து ஆரம்பித்து, கடைசியில் கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள். "எப்ப காலி பண்ணணும்?" என்று கேட்டால் அதுதான் பழுத்த பார்ட்டி. மனசு ஏற்கெனவே மூட்டை கட்டிவிட்டது. இந்தப் பாடத்தைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து தினமும் சொல்வார். என் தங்கை குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்பாள்.

இப்படி இருக்கையில் முதலாளி ஆபீசில் ஒரு பெண்ணைச் சேர்த்தார். போனிலும் கம்ப்யூட்டரிலும் பார்ட்டி பிடிக்கிற பெண். கூடவே மோப்பத்திடம் ஒரு வார்த்தை சொன்னார்: இந்த மாதத்துக்குள் பழுத்த பார்ட்டி ஒன்று வரவில்லையென்றால் ஏரியா முழுக்க அந்தப் பெண்ணுக்கு.

அவ்வளவுதான், மனுஷன் காலில் சக்கரம் கட்டிக்கொண்டார். விடியும் முன் கிளம்பினால், தங்கை தட்டை மூடி வைத்துவிட்டுத் தூங்கிய பிறகுதான் வருவார். அவர் வீட்டுக் கேட்டின் கீலை நான் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"என் வீட்டு வேலையை நான் பாத்துக்குவேன் மச்சான்," என்றார். எனக்கும் ரோஷம் உண்டு. விட்டுவிட்டேன்.

ஒரு நாள் ஆபீஸ் ஜன்னலுக்குக் கம்பி அளவெடுக்கப் போயிருந்தேன். முதலாளிக்கு எதிரே மோப்பம் தொங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் உள்ளே வந்தாள்.

"சார், இன்னிக்கு நானே நேர்ல போய் ஒரு பார்ட்டி பிடிச்சிருக்கேன். வீட்டுக்காரர் வீடு தங்குறதே இல்லையாம். செடியெல்லாம் கருகிக் கிடக்கு. பட்டப்பகல்ல மாடி லைட் எரியுது."

மோப்பம் நிமிர்ந்தார். "கேட்டு?"

"தூக்கித்தான் திறக்கணும் சார்."

"விலை கேட்டாங்களா?"

"இல்ல சார். அந்தக்கா எப்ப காலி பண்ணணும்னுதான் கேட்டாங்க. வீடும் அவங்க பேர்லதான்."

மோப்பம் மேஜையைத் தட்டினார். தோற்றதுகூட மறந்துபோயிற்று. "பழுத்த பார்ட்டிம்மா. விட்றாதே. எந்த இடம்?"

"தண்ணித் தொட்டிக்கு எதிர்ல சார். நீலக் கேட்டு. அதுல இரும்புல ஒரு வாத்து இருக்கும்."

"அது அன்னம்," என்றேன் நான். தங்கை கல்யாணத்துக்கு நானே வளைத்து வைத்த அன்னம். வாத்தாம்.

மோப்பம் என்னைப் பார்த்தார். நான் அளவு நாடாவைச் சுருட்டினேன். அது மோப்பத்தின் வீடுதான் என்று புரிந்ததும் முதலாளி சிரித்துவிட்டார். "நீங்களே சர்டிபிகேட் கொடுத்துட்டீங்களே. அடுத்த வாரம் நான் வந்து பேசுறேன்."

வீட்டுக்கு நானும் கூடப் போனேன். கேட்டைத் தூக்க முடியாமல் அவர் திணற, தங்கை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"யாரு வேணும் உங்களுக்கு?"

"நெஜமாவே விக்கப் போறியா?"

"அந்தப் பொண்ணு அரைமணி நேரம் உக்காந்து நான் பேசினதைக் கேட்டுச்சு. உங்களை உக்காந்து பாத்து எவ்வளவு நாளாச்சு?"

அவருடைய தொழில் வாய்தான் பேசியது. "வித்துட்டு எங்க போறதா உத்தேசம்?"

"அண்ணன் பட்டறை மாடி காலியாத்தானே கிடக்கு."

எனக்கே அது புதுச் செய்தி.

அவர் மாடிக்குப் போய் பல்பை அணைத்துவிட்டு வந்தார். "மச்சான், எண்ணெய் டப்பா இருக்கா?"

அவர் கேட்டைத் தூக்கிப் பிடிக்க, நான் கீலைக் கழற்றி மாட்டினேன். மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான், ஏரியா கையைவிட்டுப் போகப் போகிறது. ஆனாலும் அந்த வாரம் முழுக்கப் பொழுது சாயும்போதே வீட்டில் இருந்தார். குழம்பு ஊற்றும்போது பார்ட்டி பேச்சே எடுக்கவில்லை. தங்கையும் தன் முடிவைச் சொல்லவில்லை. நல்ல கல்நெஞ்சுக்காரி.

சொன்னபடி முதலாளி அந்தப் பெண்ணோடு வந்தார். தங்கை என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள். மோப்பம் உள்ளே வரத் தைரியமில்லாமல், கருகிய செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் ஜன்னலுக்கு வெளியே நின்றார். செடித் தொட்டி நிறைந்து வழிந்தது, அவர் கவனிக்கவில்லை.

தங்கை காபியை நீட்டினாள். முதலாளி தொண்டையைச் செருமினார்.

"சொல்லும்மா. பத்திரப் பதிவு எப்ப வச்சுக்கலாம்?"

"அது இருக்கட்டும் சார். என்ன விலை போகும்?"

வெளியே வாளி கீழே விழுந்த சத்தம் கேட்டது.

தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எங்க தாத்தா இந்த அஸ்திவாரம் தோண்டுறப்ப..." என்று ஆரம்பித்தாள். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பெண் குனிந்து அவர் காதில் சொன்னது எனக்கே கேட்டது.

"வெட்டிப் பார்ட்டி சார்."